மத்தியானத்து மெஷின்

"தெரு முழுக்கத் தையல்கடை. எல்லாம் ஒரே மாதிரி ஷட்டர். வெளியூர்லேர்ந்து பிழைக்க வந்த அந்த ஆளோட கடை எதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டான் அடியாள்.

"அது சுலபம்" என்றார் தையல்கடைக்காரர். "மத்தியானம் நாங்க எல்லாரும் ஷட்டரை இறக்கிட்டு வீட்டுக்குத் தூங்கப் போயிடுவோம். அவன் மட்டும்தான் உள்ள உட்கார்ந்து தைப்பான். மெஷின் சத்தம் எங்க கேக்குதோ, அங்க பூந்துடுங்க. இனி அவன் கையில கத்திரி நிக்கக் கூடாது."

அன்று மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகச் சாய்ந்தவரை வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அதே பிழைக்க வந்தவன்! தோளில் அவன் குழந்தை.

"பாப்பாவுக்குக் காய்ச்சல்ண்ணே. கடையைப் பூட்டிட்டு டாக்டர்கிட்ட போறேன். யாராவது என்னைத் தேடி வந்தா, நாளைக்கு வரச் சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன்" என்று பல்லைக் கடித்தபடி உள்ளே திரும்பினார். மனைவி ஒரு தட்டை மூடி வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கே உன் பிள்ளை? சாப்பிட வரலையா?"

"கடையிலதான் இருக்கான். 'நாம மூணு நாள்ல தைக்கிறத அவன் ஒரே நாள்ல தைக்கிறான், நீ நல்லா குறட்டை விடு'ன்னு நேத்து கத்துனீங்கல்ல? ரோஷம் வந்துடுச்சு. இனிமே மத்தியானமும் தைப்பானாம்."

செருப்பைக்கூடத் தேடாமல் தெருவுக்கு ஓடினார். இறங்கிக் கிடந்த ஷட்டர்களுக்கு நடுவே ஒரே ஒரு மெஷின் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

பிறகு அது நின்றது.