புத்தகத்தில் இல்லாத கணக்கு

"பஸ் மூணு மணிக்குக் கிளம்புது, மணிக்கு நாற்பது கிலோமீட்டர். கார் அஞ்சு மணிக்குக் கிளம்பி அறுபதுல துரத்துது. எப்போ பிடிக்கும்?" என்றாள் அம்மா.

மகளுக்குத் தலை சுற்றியது. கணக்கென்றாலே காத தூரம் ஓடும் அம்மாவா இது? புத்தகத்தைப் புரட்டினாள். அப்படியொரு கணக்கே இல்லை.

"கார் ஏம்மா ரெண்டு மணி நேரம் லேட்டு?"

"அஞ்சுக்குத்தானே ஆபீஸ் விடும்? நீ போடு."

எக்ஸ் என்று வைத்துக்கொண்டு, மூன்று முறை அடித்துத் திருத்தினாள். "ஒன்பது மணிக்கும்மா."

அம்மாவின் முகம் வெளிறியது.

"டிக்கெட், டிக்கெட்!" கண்டக்டர் வந்து நின்றார். வீங்கிய கன்னத்தைக் கையால் மறைத்தபடி, அம்மா மாமாவின் ஊரைச் சொன்னாள்.

டிக்கெட்டில் இருநூறு கிலோமீட்டர் என்றிருந்தது. மகள் மறுபடி பென்சிலை எடுத்தாள்.

"பயப்படாதம்மா. எட்டு மணிக்கே மாமா வீட்டுக்குப் போயிடுவோம். அப்பாவால நம்மளப் பிடிக்க முடியாது."