நீலப் பனிக்கோட்டு

வடக்கே, பனி கொட்டும் டுலூத் நகர மருத்துவமனையில் நர்சுகளான எங்கள் இருவருக்கும் ஒரே வார்டு. என் மனைவி சிக்னேவுக்கு இரவு, எனக்குப் பகல். நோயாளியின் அறைப் பலகையில் இரவு வரியில் அவள் பெயரும் பகல் வரியில் என் பெயரும் இருக்கும். பனி அலுத்துப்போய், இருவரும் பகலில் வேலை செய்ய ஃப்ளோரிடாவில் ஒரு கடலோர ஊரை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். பிப்ரவரியில் இறந்துபோனாள். ஏப்ரலில் நான் மட்டும் வந்தேன். பதிமூன்று வார ஒப்பந்தம்.

கடைசி வாரத் திங்களன்று, பதினான்காம் அறைப் பலகையின் பகல் வரியில் என் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயர் இருந்தது. அவளுடைய கையெழுத்துதான். அழித்தேன்.

படுக்கையிலிருந்த வில்பர் சிரித்தார். இடுப்பெலும்பு முறிந்த கிழவர்.

“ஏம்ப்பா, அதை எழுதின பொண்ணு உங்க ஊரா? இந்த வெயில்ல நீலப் பனிக்கோட்டை மாட்டிக்கிட்டு நிக்குது. வடக்கத்திக்காரங்களுக்கு மூளையும் உறைஞ்சிடுமோ?”

செவ்வாயன்றும் பெயர் இருந்தது. நான் அழிக்கவில்லை.

புதனன்று வில்பர், “ஒருவழியா கோட்டைக் கழட்டிடுச்சுப்பா. ஜன்னல்கிட்ட நின்னு கையை வெயில்ல காட்டிக்கிட்டு இருந்துச்சு,” என்றார்.

அன்று மதியம் என்னை இங்கே வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியில் ஒப்பந்தத்தை நீட்டிக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், ஊருக்குத் திரும்புகிறேன் என்று பதில் அனுப்பினேன். அவளைப் புதைத்த இடம் அங்கேதான் இருக்கிறது. வேறு யாரிடமும் சொல்லவில்லை.

வியாழன் காலை அவள் பெயர் இரவு வரிக்குப் போயிருந்தது.

வில்பர் சிரிக்கவில்லை.

“அந்தப் பொண்ணை எங்கப்பா அனுப்புற? விடியறதுக்கு முன்னாடியே கோட்டை மாட்டி, கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு.”