மாடிக்காரர் சொன்ன வரலாறு

கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். வீட்டை விற்றுத்தரும் தரகர். வாங்க வந்தவர். அவர் மனைவி. அப்புறம், அச்சகத்தில் பிழைதிருத்தி ஓய்வுபெற்று, மாடி அறையைக் காலி செய்ய மறுக்கும் மாடிக்காரர்.

வீடு கைமாறினால் மாடிக்காரருக்குத் தெருதான். அதனால் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பழைய வீட்டின் வரலாற்றைச் சொல்வார். இதுவரை நான்கு பேர் தலைதெறிக்க ஓடியிருந்தார்கள்.

"இது ஒரு வக்கீல் கட்டின வீடு சார். அவர் தம்பி ஒருநாள் காணாமப் போனான். அடுத்து பல் டாக்டர். அவரோட மாமியாரைக் காணோம். அப்புறம் ஒரு பாட்டு வாத்தியார். அவரையே காணோம்."

"யோவ், வாயை மூடுய்யா," தரகர் பல்லைக் கடித்தார்.

"வரலாறுய்யா. மறைக்கலாமா?"

வாங்க வந்தவர் ஓடவில்லை. டைரியை எடுத்தார்.

"எந்தெந்த வருஷம்? உடம்பு கிடைச்சுதா? யாராவது விசாரிச்சாங்களா?"

மாடிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஒட்ட வெட்டிய தலை, விறைப்பான முதுகு. மஃப்டி போலீஸ்! கதை மொத்தமும் அவரே கட்டியது. பொய் என்று ஒப்புக்கொண்டால் அறை போகும். உண்மை என்று சாதித்தால் ஸ்டேஷனுக்கு இழுப்பார்கள். நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்து நுழைந்தார்.

"உடம்பெல்லாம் ஒண்ணும் கிடைக்கலை சார். யாரும் புகாரே குடுக்கலை. சுவர் ரெண்டடி கனம், உள்ளே கத்தினாலும் வெளியே கேக்காது. அக்கம்பக்கமும் தானுண்டு தன் வேலையுண்டுன்னு இருக்கும். போலீசுக்கு இங்க வேலையே இல்லை."

"நிச்சயமா?"

"சத்தியமா சார்."

"உங்களுக்குச் சொந்தபந்தம்?"

"ஒண்டிக்கட்டை சார். ஏன்னு கேக்க ஒரு நாதியில்லை." இரக்கப்பட்டு விட்டுவிடுவார் என்று நினைத்தார்.

வாங்க வந்தவர் டைரியை மூடி மனைவி பக்கம் திரும்பினார். "உனக்குப் பிடிச்சிருக்கா?"

"போன வீட்டுச் சுவர் ரொம்ப மெல்லிசுங்க," என்றாள் மனைவி. "என்ன பாடுபட்டோம்! இது தேவலை."

தரகரால் நம்ப முடியவில்லை. ஆனாலும் தொழில் நேர்மை உறுத்தியது. "சார், இவரைக் கிளப்பணும்னா கோர்ட்டுக்குத்தான் போகணும். வருஷக்கணக்காகும்."

"எதுக்கு? ஆளில்லாத வீடுன்னே பத்திரம் எழுதச் சொல்லுங்க. போய் ஓனரைக் கூட்டிட்டு வாங்க. எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு மணி நேரம் சார்."

"தாராளம்."

தரகர் துள்ளிக்கொண்டு வெளியேறினார்.

அவருக்குப் பின்னால், அந்த மனைவி வளையல்களைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, கதவைச் சாத்தி உள்பக்கமாகப் பூட்டினாள்.