மூன்று பாட்டில்

"மூணு பாட்டில் இரும்புச்சத்து சொட்டு மருந்து முடிஞ்சிருக்கு, ரத்தம் ஏறலையே! குடிச்சது குழந்தையா, நீயா?" என்று டாக்டர் எரிந்து விழுந்தார்.

வெளிறிக் கிடந்த எட்டு மாதக் குழந்தையை அவள் இறுக்கிக்கொண்டாள்.

"வீட்டுக்காரருக்குத் தெரியாம சாக்கடையில ஊத்திட்டேன் டாக்டர்."

"நீயெல்லாம் பெத்த தாயா?"

"ரெண்டு நாள் குடுத்ததுமே மலம் கருப்பாப் போச்சு. இவன் அண்ணனுக்கும் அப்படித்தான் போச்சு. குடல்ல ரத்தக்கசிவுன்னாங்க. மூணே நாள்ல..."

டாக்டரின் குரல் இறங்கியது. "இரும்புச்சத்து மருந்து குடுத்தா கருப்பாத்தாம்மா போகும். அது ரத்தம் இல்ல. நான்தான் உங்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

குழந்தையின் வெளுத்த உதட்டையே அவள் பார்த்தாள்.

"இவனையாவது காப்பாத்தணும்னுதானே டாக்டர் ஊத்தினேன்?"