வெள்ளைக் கட்டம் சிவந்த கதை

செல்போன் விளையாட்டு ஒன்றில் பாட்டு ஓட ஓட, திரையில் கறுப்புக் கட்டங்களும் வெள்ளைக் கட்டங்களும் கலந்து மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. விரல் கறுப்பை மட்டும்தான் தட்ட வேண்டும். தட்டத் தட்டப் பாட்டு நீளும், வேகமும் கூடும். தப்பித் தவறி வெள்ளையில் பட்டால் அதோடு ஆட்டம் காலி.

இந்த ஏற்பாடு ஒரு வெள்ளைக் கட்டத்துக்குப் பொறுக்கவே இல்லை.

"ஏண்டி, எப்பப் பார்த்தாலும் உங்க கூட்டத்துக்குத்தான் உபசாரமா? நான் என்ன, தண்டத்துக்கா வரேன்?" என்று பக்கத்துக் கறுப்பைக் கேட்டது.

"மெதுவாப் பேசுடி. நான்தான் இந்தப் பாட்டோட கடைசி ஸ்வரம். ஒரு நாள்கூட விரல் என்கிட்ட வந்து சேர்ந்ததில்லை. இன்னிக்குத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கு. கெடுத்துடாதே, தாயே!"

"ஓஹோ, ஆசையெல்லாம் உனக்கு மட்டும்தானோ?"

வேகம் தாங்காமல் தடுமாறி வந்த விரலைப் பார்த்து வெள்ளை பளீரென்று இளித்தது. விரல் அதன்மேலேயே விழுந்தது. வெள்ளை குப்பென்று சிவந்தது. பாட்டு பட்டென்று நின்றது. கட்டங்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன.

"பார்த்தியாடி!" என்றது வெள்ளை. "என்மேல கை பட்டதும் எல்லாரும் எப்படி அசந்துபோய் நிக்கிறாங்க!"