முலாம்பழக் கூப்பன்

"அந்தப் பழத்தை அறுக்க வீட்டுல ரம்பம் இருக்கா?" என்று வெர்னா கேட்டாள். முலாம்பழத்தை அணைத்துக்கொண்டு தன் கடையைத் தாண்டிப் போன பெண்ணிடம்தான் கேட்டாள். ஆனால் பக்கத்துக் கடைக்கும் நன்றாகவே கேட்டது.

பக்கத்துக் கடையிலிருந்து ஆர்லோவின் தொப்பி எட்டிப் பார்த்தது. "பயப்படாம போங்கம்மா. அங்க தக்காளி வாங்கினீங்கன்னா, தோலை உரிச்சு செருப்பு தச்சுக்கலாம்!"

சந்தையே சிரித்தது. இண்டியானாவின் அந்தச் சின்ன ஊரில் சனிக்கிழமைதோறும் கோர்ட்டு வாசலில் காய்கறிச் சந்தை கூடும். காய்கறி வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தச் சண்டையைக் கேட்கத்தான் வருகிறார்கள்.

சண்டைக்கு ஒன்பது வயது. மாவட்டக் கண்காட்சியில் நடுவராக இருந்த ஆர்லோ, "தோல் கொஞ்சம் தடிமன்" என்று சொல்லி வெர்னாவின் தக்காளிக்கு இரண்டாம் பரிசு கொடுத்துவிட்டார். உன் தோட்டத்துல விளைஞ்ச எதுவும் இனி என் வாயில படாது என்று அத்தனை பேர் முன்னாலும் அன்றே சபதம் போட்டுவிட்டாள் வெர்னா.

மேபல் வந்தாள். வெர்னாவோடு பள்ளியில் படித்தவள். இரண்டு தோளிலும் ஒரே மாதிரி இரண்டு நீலத் துணிப் பைகள்.

அரிந்து வைத்திருந்த தக்காளித் துண்டு ஒன்றை வெர்னா நீட்டினாள்.

"ஐயோ, வேண்டாண்டி. ஒரு வாய் தின்னாப் போதும், ராத்திரி பூரா நெஞ்செரிச்சல்" என்ற மேபல், ஒரு கூப்பனை எடுத்துக் கொடுத்தாள். "நல்லாப் பழுத்ததா, பெருசா போடு."

அறுபது வயது நிறைந்த, வருமானம் குறைந்தவர்களுக்குக் கோடையில் அரசாங்கம் தருகிற காய்கறிக் கூப்பன் அது. சில்லறை திருப்பித் தரக் கூடாது. ஐந்து டாலருக்குச் சரிக்கட்ட, கடைசியில் எலுமிச்சை அளவு குட்டித் தக்காளி ஒன்றையும் மேலே வைத்தாள் வெர்னா.

பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மேபலைத் தன் வேனுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். மேலங்கிப் பையிலிருந்து இன்னொரு கூப்பன் வெளியே வந்தது. வெர்னாவுக்கும் இந்த வருடம் அறுபது. விவசாயிக்குக் கூப்பன் கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. தனக்குப் பதிலாக இன்னொருவர் போய் வாங்கலாம் என்பதும் அவளுக்கு வசதியாகப் போய்விட்டது.

"காம்புப் பக்கம் மோந்து பார்த்து எடு. வாசனை ஆளைத் தூக்கணும்."

"அப்படியே ஒரு ரம்பமும் வாங்கிட்டு வரவா?"

"வாயை மூடு. இன்னியோட இந்த வருஷக் கூப்பன் முடியுது. அந்தாளு கொடியிலயும் இந்த வாரத்தோட பழம் தீருது."

"கோடை பூரா உனக்குத் திருட்டுத்தனமா பழம் கடத்தியாச்சு. நேராப் போய், 'ஆர்லோ, உன் பழம் நல்லாயிருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு வெந்துடுமா?"

"ஒன்பது வருஷம் கழிச்சா? அந்தாளுக்கு மட்டும் இது தெரிஞ்சுது, நான் ஊரைக் காலி பண்ணிட்டுப் போகணும்டி!"

போன வாரப் பழத்தை அடுப்படியில் நின்றபடியே, முழங்கை வரை சாறு வழிய அவள் சாப்பிட்டதை யாரும் பார்க்கவில்லை. பாதிக்கு மேல் முடியவில்லை. ஒற்றை ஆளுக்கு அது கொஞ்சம் பெரிய பழம்தான்.

மேபல் ஆர்லோவின் கடைக்குப் போவதைத் தன் கடைக் குடையின் மறைவில் நின்று பார்த்தாள் வெர்னா. ஆர்லோ ஒரு பழத்தை எடுத்தார், முகர்ந்தார், வைத்துவிட்டார். இன்னொன்றைத் தட்டினார், அதையும் வைத்துவிட்டார். மூன்றாவதைத்தான் கொடுத்தார். வெர்னாவுக்கு நாக்கில் நீர் ஊறியது.

சந்தை கலைகிற நேரத்தில் மேபல் ஓடிவந்து, நீலப் பை ஒன்றை, வேனில் ஏறி உட்கார்ந்திருந்த வெர்னாவிடம் ஜன்னல் வழியே தள்ளினாள். "பேத்தியைக் கூப்பிடப் போகணும், நேரமாச்சு!" என்று இன்னொரு பையோடு ஆர்லோவின் லாரிப் பக்கமாகத் திரும்பி மறைந்தாள். சற்று நேரத்தில் அவள் கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

வெர்னா கண்ணை மூடிக்கொண்டு பைக்குள் முகத்தை நுழைத்தாள். வாசனை வரவில்லை. கண்ணைத் திறந்தாள்.

தக்காளி. அவளுடைய தக்காளியேதான். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் குட்டி, அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அவசரத்துல பையை மாத்திக் குடுத்துட்டாளே, பாவி!" வருடத்தின் கடைசி முலாம்பழம் மேபலின் காரில் ஏறிப் போய்விட்டது. வெர்னாவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

வேன் கதவை யாரோ விரலால் தட்டினார்கள்.

ஆர்லோ. அவர் கையில் இன்னொரு நீலப் பை. அதன் வாயில் முலாம்பழம் எட்டிப் பார்த்தது.

தொலைந்தோம் என்று நினைத்தாள் வெர்னா. மேபல் உளறிவிட்டாள். நாளைக்கு ஊரே சிரிக்கப் போகிறது. அவர் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

"அது ஒண்ணும் என்னுது இல்ல!"

ஆர்லோ சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பழத்தைப் பையோடு ஜன்னல் விளிம்பில் வைத்தார். காது வரை சிவந்துபோய், ஒன்பது வருடத்தில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வெர்னா... என் தக்காளி உன்கிட்டதானே இருக்கு?"