ஆளுக்குப் பாதி

“சின்னப் பை ஒண்ணுகூட இல்லைங்க. சோயாவும் இல்லை, மக்காச்சோளமும் இல்லை.”

விதைக் கடைக்காரர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னார்.

பில் போடும் மேசையில் இருந்த அவர் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்றுச் சாயங்காலம்தான் லாரியில் வந்த சின்னப் பைகளைக் கடைக்குப் பின்னால் அடுக்கினார்கள். தார்ப்பாய் போட்டு மூடியதே அவள்தான்.

“அப்போ என்னதான் இருக்கு?” என்றாள் விதை வாங்க வந்த இருவரில் மூத்தவள்.

“பெரிய மூட்டை இருக்கு. கிலோவுக்குக் கணக்குப் பார்த்தா நல்லா சல்லிசு.”

“ஒரு மூட்டையை வாங்கி நான் என்ன பண்ண? என் நிலத்துக்குப் பாதி போதும்.”

“எனக்கும் பாதிதான் வேணும்” என்றாள் இளையவள், உர மூட்டையைப் பார்த்துக்கொண்டு.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள் இருவரும். நிலமும் பக்கத்துப் பக்கத்து நிலம். போன வருஷம் இளையவளின் ஆடு மூத்தவளின் தக்காளி நாற்றை மேய்ந்துவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது. இப்போதும் கடையின் இந்த மூலையில் ஒருத்தி, அந்த மூலையில் ஒருத்தி.

“அப்புறம் என்ன? ரெண்டு பேரும் சேர்ந்து சோயாவுல ஒரு மூட்டை, மக்காச்சோளத்துல ஒரு மூட்டை எடுங்க. ஆளுக்குப் பாதி” என்றார் கடைக்காரர்.

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய மூட்டை விற்காமல் தேங்கிக் கிடக்கிறது. அதைத் தள்ளிவிட ரெண்டு அப்பாவிகள் மாட்டியிருக்கிறார்கள்! நாலு பேர் பார்க்கப் புருஷனை விட்டுக்கொடுக்க முடியுமா? இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

“ஆத்துப் பாலம் தாண்டி இன்னொரு விதைக் கடை இருக்கே. அங்கே சின்னப் பை கிடைக்குமே...” என்று மெல்ல இழுத்தாள்.

கடைக்காரர் அவளை ஒரு முறை முறைத்தார்.

“அவ்வளவு தூரம் யாரு போறது? ஈரம் காயறதுக்குள்ள விதைக்கணும்” என்றாள் மூத்தவள் அவசரமாக. “பாதிக்கு அவங்க சரின்னு சொல்றாங்களான்னு கேளுங்க.”

“அவங்களுக்குச் சரின்னா எனக்கும் சரின்னு சொல்லுங்க” என்றாள் இளையவள்.

“பத்தடி தூரத்துல நின்னுக்கிட்டு என்னைத் தபால்காரனா ஆக்கிட்டீங்களே! வாங்க, தராசு அந்தப் பக்கம் இருக்கு.”

மூட்டையைப் பிரித்ததும் மருந்து கலந்த விதை செக்கச்செவேலென்று கொட்டியது. மூத்தவள் டப்பாவில் அள்ளினாள். இளையவள் வெறும் பையை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தாள். விதை பாதி தரையில் சிந்தியது.

“வாயைப் பிடி!” என்றாள் மூத்தவள்.

இளையவள் விறைத்துப் போனாள்.

“பையோட வாயைச் சொன்னேன்.”

இளையவள் உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. களுக்கென்று சிரித்துவிட்டாள். அது மூத்தவளையும் தொற்றிக்கொண்டது. ஒரு வருஷத்துச் சிரிப்பு; லேசில் நிற்கவில்லை.

“என் பக்கம் ஒரு டப்பா கூட விழுந்திருச்சு அக்கா.”

“இருக்கட்டும், வெச்சுக்கோ. உன் ஆடு மேய்ஞ்சது போக மிச்சம் விளைய வேண்டாமா?”

“அதை அப்பவே வித்துட்டேன்.”

டப்பா பாதியில் நின்றது.

“வித்துட்டியா? பிள்ளை மாதிரி வளர்த்தியேடி! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீங்கதான் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனீங்களே.”

மூத்தவள் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். இளையவள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

“மருந்துக் கை அக்கா! கண்ணுல படப் போகுது.”

தன் முந்தானை நுனியால் அவளே துடைத்துவிட்டாள்.

இருவரும் கை கழுவினார்கள்; பணம் கொடுத்தார்கள். வரும்போது ஆளுக்கொரு ஆட்டோவில் வந்தவர்கள், திரும்பும்போது நாலு பைகளோடு ஒரே ஆட்டோவில் நெருக்கியடித்து ஏறினார்கள். தெரு திரும்பும் வரை பேச்சுச் சத்தம் கேட்டது.

ஆட்டோ மறைந்ததோ இல்லையோ, மனைவி பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா? பின்னால அத்தனை சின்னப் பையை வெச்சுக்கிட்டு, விக்காத மூட்டையை அவங்க தலையிலயா கட்டுவீங்க? ஏதோ நல்லபடியா முடிஞ்சதால தப்பிச்சீங்க.”

“மூட்டையா வித்தா நமக்குத்தான் லாபம் கம்மி. அது உனக்கே தெரியும்.”

“அப்புறம் எதுக்கு அந்தப் பொய்?”

“மூத்தவங்க நேத்து போன்ல கெஞ்சினாங்க. ‘சின்னப் பை இல்லைன்னு சொல்லிடுங்க தம்பி, அவகிட்ட பேச எனக்கு ஒரு சாக்கு வேணும்’னு.”

அவள் கோபம் வந்த வழியே போய்விட்டது. ஆனாலும் சும்மா விட மனசில்லை.

“அதுக்காக ஒண்ணும் தெரியாத அந்தச் சின்னவங்களை ஏமாத்தி வரவெச்சீங்களாக்கும்?”

“நான் எங்கே வரவெச்சேன்?” என்று சிரித்தார் கடைக்காரர். “அவங்களே கொஞ்ச நேரத்துல போன் பண்ணி, அக்கா எப்போ கடைக்கு வர்றாங்கன்னு கேட்டாங்க. கேட்டுட்டு, இதே பொய்யைத்தான் சொல்லச் சொன்னாங்க!”